கிளப் கடன்ல கெடக்கும்போது ரசிகர் செய்ய வேண்டிய வேலை

நம்ம ஃபுட்பால் கிளப்பு திவாலாகப் போகுதுன்னு சேதி வந்த அன்னைக்கு ராத்திரியே எல்லாரும் கேக்குற மொத கேள்வி, "காசு எங்க அனுப்பணும்?"ங்கிறதுதான். மனசு அப்படித்தான் துடிக்கும், தப்பில்ல. ஆனா அன்னைக்கு ராத்திரி அஞ்சு பைசா கூட அனுப்பாதீங்க. அனுப்புறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேல நெறைய கெடக்கு, அதைத்தான் எழுதப் போறேன்.

நான் ரெண்டு கிளப்பு கடன்ல மூழ்குறத பாத்தவன். ஒண்ணு இங்கிலாந்துல இருக்குற போர்ட்ஸ்மவுத். 2008ல அவுங்க எஃப்.ஏ. கப், அதாவது அந்த நாட்டுப் பெரிய நாக்-அவுட் கோப்பைய, ஜெயிச்சப்ப நான் துபாய்ல பேச்சுலர் ரூம்ல இருந்தேன், அந்த ஊரும் நம்மளப் போல கடக்கரை ஊரு, கப்பல் ஊருன்னு தெரிஞ்சதுல இருந்து அந்த டீம் மேல ஒரு பாசம். ரெண்டாவது எங்க ஊரு கிளப்பு. மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவுல, கடலுக்குப் போற பிள்ளைகளும் சபுராளி, அதாவது வெளிநாட்டுல சம்பாதிக்கிறவங்க வீட்டுப் பிள்ளைகளும் ஒரே ஜெர்சி போட்டு ஆடுற டீமு. அங்க கோடிக்கணக்குல கடன், இங்க லட்சத்துல கடன், ஆனா ரெண்டு எடத்துலயும் ரசிகர்கள் செஞ்ச வேல ஒண்ணுதான்னு பின்னாடிதான் வெளங்குச்சு. அதனால ராத்திரி முழிச்சு வெளிநாட்டு மேட்ச் பாக்குறவங்களுக்கும், சொந்த ஊரு டீமு நொடிச்சுப் போயி நிக்கிறவங்களுக்கும் சேத்தே சொல்றேன்.

இங்கிலாந்துல கிளப்பு கடன்ல மூழ்குனா அட்மினிஸ்ட்ரேஷன்னு ஒரு வார்த்த வரும், மொதல்ல அதுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கங்க. நெறைய பேரு அதைக் கேட்டதுமே கிளப்பு செத்துப்போச்சுன்னு அழுதுடுறாங்க. அப்படி இல்ல. ஒரு விசைப்படகு நடுக்கடல்ல இஞ்சின் நின்னு தள்ளாடுதுன்னு வைங்க, படகுக்காரர் சம்மாட்டிகிட்ட சரிபண்ண காசும் இல்ல, கடன் குடுத்தவங்க எல்லாம் கரையில நின்னு ஆளுக்கு ஒரு பலகையை பிச்சிக்கிட்டுப் போகத் தயாரா இருக்காக. அந்த நேரத்துல சட்டப்படி ஒரு ஆளு வந்து, யாரும் படகுல கை வைக்கக் கூடாது, சம்மாட்டி ஒதுங்கிக்க, சுக்கான் இனிமே என் கையிலன்னு சொல்றாரு பாருங்க, அவருதான் அட்மினிஸ்ட்ரேட்டர். அவரு இருக்குற வரைக்கும் கடன் குடுத்தவங்க கேஸ் போட்டு சாமானைத் தூக்க முடியாது. மூச்சு விட ஒரு எடைவெளி கெடைக்குது, அவ்வளவுதான். அந்த எடைவெளிக்குள்ள வாங்குறதுக்கு ஆளு கெடைச்சா கிளப்பு பொழைக்கும், கெடைக்கலன்னா லிக்விடேஷன், அதாவது கடைய மூடி பலகையைப் பிரிச்சு விக்கிறது.

இதுல முக்கியமா ஒண்ணு இருக்கு. அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் உங்க ஆளு இல்ல. நல்லவராவே இருக்கலாம், ஆனா அவரோட கடமை கடன் குடுத்தவங்களுக்குத்தான், ரசிகர்களுக்கு இல்ல. நீங்க எத்தன வருசமா அந்த கேலரியில உக்காந்தீங்க, உங்க வாப்பா எந்த மேட்ச்ல அழுதாகன்னு அவரு கணக்குல வராது. அதனால அவரப் பாக்கப் போகும்போது கண்ணீரோட போகாதீங்க, கணக்கோட போங்க.

ஃபுட்பால்ல இன்னொரு அடியும் விழும், பாயிண்ட் வெட்டு, அதாவது லீக்ல ஜெயிச்சு சேத்த பாயிண்ட்ல கழிக்கிறது. பிரிமியர் லீக்ல 9 பாயிண்ட், அதுக்குக் கீழ இருக்குற லீக்ல இப்ப 12. போர்ட்ஸ்மவுத்துக்கு 2010 பிப்ரவரியில 9 பாயிண்ட் போச்சு, அந்த சீசன்லயே கீழ் டிவிஷனுக்கு எறங்குனாங்க, அதே சீசன்ல எஃப்.ஏ. கப் ஃபைனலும் ஆடுனாங்க, செல்ஸிகிட்ட 1-0ல தோத்தாங்க. ரெண்டே வருசத்துல, 2012 பிப்ரவரியில, மறுபடியும் அட்மினிஸ்ட்ரேஷன், மறுபடியும் 10 பாயிண்ட். டர்பி கவுண்டின்னு இன்னொரு இங்கிலாந்து கிளப்புக்கு 2021-22 சீசன்ல ரெண்டு தடவையா மொத்தம் 21 பாயிண்ட் வெட்டுனாங்க. ஆடுற பையன் ஒரு தப்பும் செஞ்சிருக்க மாட்டான், ஆபீஸ் ரூம்ல எவனோ போட்ட கையெழுத்துக்கு அவன் 12 பாயிண்ட் கீழ இருந்து ஓடணும். அதனாலதான் அந்த நேரத்துல ரசிகர்கள் ஆடுறவங்களத் திட்டக்கூடாதுன்னு நான் கறாரா சொல்றது. டீமு கீழ எறங்கிடும்னு மனசத் தேத்திக்கங்க, எறங்குனது திரும்ப ஏறும், மூடுனது லேசுல தொறக்காது.

அடுத்து, எப்ப விலகி நிக்கணும், எப்ப உள்ள போயி நிக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. இதுல நெறைய பேரு கொழம்புறாங்க. ஓனரு கிளப்ப சீரழிச்சுக்கிட்டு இருக்குற வரைக்கும் டிக்கெட் வாங்குனா அந்தக் காசு அவரு கைக்குப் போகும், அதனால வெளிய நின்னு எதிர்ப்பு காட்டுறது நியாயம்தான். ஆனா அட்மினிஸ்ட்ரேட்டர் வந்துட்டாருன்னா அந்த நிமிசத்துல இருந்து கணக்கு தலைகீழா மாறுது. இனிமே வர்ற ஒவ்வொரு காசும் கிளப்ப நடத்துறதுக்குத்தான், கரண்ட் பில்லுக்கும் சம்பளத்துக்கும்தான். இங்கிலாந்துல ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப்பு ரசிகர்கள் இதை அழகா செஞ்சாங்க. ஓனர் மேல இருந்த கோவத்துல கடைப்பக்கமும் கிரவுண்டுபக்கமும் போகாம இருந்தவங்க, 2025 அக்டோபர் 24 அன்னைக்கு கிளப்பு அட்மினிஸ்ட்ரேஷன்ல போனதும், 12 பாயிண்ட் வெட்டு விழுந்த அதே நாள்ல, கிளப்பு கடை வாசல்ல நீளமா வரிசையில நின்னாங்க. 1867ல ஆரம்பிச்ச கிளப்பு அது. தோத்த அன்னைக்கு இல்ல, தண்டனை விழுந்த அன்னைக்கு வரிசையில நிக்கிறது இருக்கு பாருங்க, அதை நெனச்சாலே எனக்குத் தொண்ட அடைக்குது. நீங்க இங்க பாம்பன்லயோ தொண்டியிலயோ இருந்துக்கிட்டு அந்த மாதிரி ஒரு டீமுக்கு ரசிகரா இருந்தா, கிளப்போட சொந்தக் கடையில நேரடியா ஒரு ஸ்கார்ஃபோ சட்டையோ ஆர்டர் போடுங்க, மேட்ச்ச திருட்டு லிங்க்ல பாக்காதீங்க, கிளப்பு விக்கிற பாஸ் எடுத்துப் பாருங்க. தூரத்துல இருந்து செய்யக்கூடிய நேர்மையான உதவி இதுதான். ரசிகர்களே சேந்து நடத்துற அமைப்பு, ரசிகர் டிரஸ்ட்னு சொல்லுவாங்க, அது எதுவும் இருந்தா அதுல மெம்பர் ஆகலாமான்னு பாருங்க.

இப்ப ஊரு கிளப்புக்கு வர்றேன், எனக்கு இதுதான் நெஞ்சுக்கு நெருக்கம்.

எங்க கிளப்பு பொறுப்புல இருந்தவரு ஒருத்தர் மூணு வருசம் தொடர்ந்து மின்னொளி டோர்னமென்ட் நடத்துனாரு. கூட்டம் அலைமோதுச்சு, ஊரே பெருமப்பட்டுச்சு, யாரும் கணக்கு கேக்கல. மூணாவது வருசம் டோர்னமென்ட் முடிஞ்சு ஒரு மாசத்துல அவரு வெளிநாட்டுக்குப் போயிட்டாரு, போன் எடுக்கல. ரெண்டாவது பரிசு ஜெயிச்ச டீமுக்குப் பரிசுத்தொகை குடுக்கலன்னு அவுங்க ஊருல இருந்து பைக்ல பத்துப் பேரு வந்து நின்னப்பதான் எங்களுக்கே தெரியும். அன்னைக்கு எங்க பிள்ளைக மொகத்தப் பாக்கணுமே. ஆடுனதும் அவுங்கதான், அவமானப்பட்டதும் அவுங்கதான்.

அன்னைக்கு ராத்திரி நாங்க செஞ்ச ஒரே உருப்படியான வேல, கடன் பட்டியல் போட்டது. டீக்கடைக்குப் பின்னாடி பாய விரிச்சு உக்காந்து, கடையில தொங்குன காலண்டர்ல போன மாசத் தாளக் கிழிச்சு அதுக்குப் பின்பக்கம் எழுதுனோம். ஒருத்தர் விடாம ஆள வரச் சொல்லியோ போன் போட்டோ கேட்டோம். ஜெனரேட்டரும் லைட்டும் 74,000. வேன் 31,000. ஜெர்சி தச்சுக் குடுத்த கடைக்கு 38,500. பரிசுத்தொகை பாக்கி 40,000. வெளியூரு டீமுகளுக்குச் சோறாக்கிப் போட்ட அக்காவுக்கு 12,500. கிளப்பு பேரச் சொல்லி வட்டிக்கு வாங்குனது, ஏறுன வட்டியோட சேத்து 90,000. கூட்டிப் பாத்தா 2,86,000. தொகைய எழுதுன காக்கா (எங்க பக்கம் அண்ணன அப்படித்தான் கூப்புடுவோம்) பேனாவ மூடிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. ஆனா ஒண்ணு சொல்றேன், அதுவரைக்கும் ஊருக்குள்ள அஞ்சு லட்சம், எட்டு லட்சம்னு வதந்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு. எழுதுனதுக்கு அப்புறம் பயம் பாதியா கொறஞ்சுச்சு. கடன் எவ்வளவுன்னு தெரியாத வரைக்கும் யாரும் பாக்கெட்ல கைய விட மாட்டாங்க.

பட்டியல் போடும்போது வாய் வார்த்தைய மட்டும் நம்பாதீங்க. பில்லு இருக்கா, யாரு கையெழுத்து போட்டது, அட்வான்ஸ் எவ்வளவு குடுத்திருக்கு, எல்லாத்தையும் கேளுங்க. வேன்காரர் மொதல்ல 36,000ன்னாரு, அவரு நோட்டப் பொரட்டிப் பாத்தப்ப 5,000 ஏற்கனவே வாங்குனது அவரு கையெழுத்துலயே இருந்துச்சு, அவரே சிரிச்சுக்கிட்டு அடிச்சு எழுதிக் குடுத்தாரு. அவரு ஏமாத்த நெனைக்கல, மறந்துட்டாரு. ஆனா நம்ம கேட்டுருக்காட்டி 5,000 போச்சு.

யாருக்கு மொதல்ல குடுக்குறதுங்கிறதுல பெரிய சண்டை வரும், தயாரா இருங்க. இங்கிலாந்துல இதுக்கு ஒரு விதியே வச்சிருக்காங்க, ஆட்டக்காரங்களுக்கும் மத்த கிளப்புகளுக்கும் உள்ள பாக்கிய முழுசா குடுத்தாத்தான் லீக்ல இருக்க முடியும். மத்தவங்களுக்கு மிஞ்சுனதுதான். போர்ட்ஸ்மவுத்தோட 2010 கடன் 100 மில்லியன் பவுண்டுக்கு மேல, அதுல சாதாரண கடன் குடுத்தவங்களுக்குப் பவுண்டுக்கு 20 பென்ஸ்ங்கிற கணக்குலதான் ஒப்பந்தம் பேசுனாங்க, அதையும் தவணையில. கோடிகள்ல சம்பளம் வாங்குறவனுக்கு முழுசு, உள்ளூரு சின்ன யாவாரிக்கு அஞ்சுல ஒரு பங்கு. லீக் நடக்கணும்னா இன்னொரு கிளப்புக்குள்ள கடன அடைச்சாகணும்ங்கிற ஞாயம் எனக்குப் புரியுது, எங்களுக்கும் பரிசுத்தொகைய அடைக்காம இந்தக் கடக்கரையில ஒரு டீமும் எங்க கூட ஆட வராது. ஆனாலும் நாங்க மொதல்ல அடைச்சது சோறாக்குன அக்காவோட 12,500தான். அவுங்க கடன் வாங்கி அரிசி எடுத்தவுக. ரெண்டாவதுதான் பரிசுத்தொகை. இந்த வரிசைய நான் இன்னைக்கும் மாத்த மாட்டேன்.

வட்டிக்குக் குடுத்தவருகிட்ட தனியா போகாதீங்க, ஊருல மதிப்பான ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு போங்க. ஜமாஅத்துல ஒரு பெரியவரு, ஓடக்கரையில ஒரு சம்மாட்டி, ரெண்டு பேரும் எங்களோட வந்தாக. "அசலைத் தவணையில முழுசா தந்துர்றோம், ஏறுன வட்டிய விட்டுக் குடுங்க"ன்னு கேட்டாக. அசல் 60,000தான், மிச்சம் 30,000 வட்டி. அவரு ஒரு நாள் யோசிச்சுட்டு சரின்னாரு. கேக்காட்டி யாரும் விட்டுக் குடுக்க மாட்டாங்க.

பட்டியல் முடிஞ்சதும் அமைப்பு. இதைத்தான் எல்லாரும் தள்ளிப் போடுவாங்க, இதைத்தான் தள்ளிப் போடக் கூடாது. இங்கிலாந்துல ரசிகர்கள் டிரஸ்ட் ஆரம்பிக்கிற பழக்கம் 1992ல நார்தாம்ப்டன்ல தொடங்குச்சு, அதுக்கப்புறம் நெறைய ஊருக்குப் பரவுச்சு. அதோட உயிரே ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுங்கிறதுதான். 100 ரூவா குடுத்தவருக்கும் ஒரு ஓட்டு, ஒரு லட்சம் குடுத்தவருக்கும் ஒரு ஓட்டு. இதுல விட்டுக்குடுத்துடாதீங்க, விட்டா பழையபடி ஒருத்தர் கைக்குள்ள போயிடும்.

நம்ம ஊருல அதுக்குத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 இருக்கு. கொறஞ்சது 7 பேரு சேந்து, விதிமுறை எழுதி, மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல பதியலாம். பதியாத கிளப்புன்னா என்னாகும் தெரியுமா, கடைக்காரன் பில்லுல யாரு பேரு இருக்கோ அவன் தலையிலதான் விடியும். எங்க கோல்கீப்பருக்கு அப்படித்தான் ஆகிப்போச்சு, ஜெர்சி கடையில அவன்தான் போயி கையெழுத்து போட்டு வாங்கிட்டு வந்தது, 38,500க்கு அவன் வீட்டுக்கு ஆள் வந்துட்டாக. 20 வயசுப் பையன். பதிஞ்சதுக்கு அப்புறம் சங்கத்து பேருல பேங்க் அக்கவுண்ட் தொறங்க, ரெண்டு பேரு கையெழுத்து போட்டாத்தான் காசு எடுக்க முடியும்னு எழுதிக் குடுங்க, அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்காரங்களா இருக்கக் கூடாது. தனி ஆளோட ஜிபே நம்பருக்கு ஒரு ரூவா கூட வாங்காதீங்க, அவரு எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி. அவரு நல்லவருங்கிறதுக்காகவே வாங்காதீங்க, நாளைக்கு எவனாவது நாக்க மடக்கி ஒரு சொல்லு சொன்னா அந்த மனுசன் தாங்க மாட்டாரு.

வெளிநாட்டுல இருந்து வர்ற காசு பத்தி நம்ம கடக்கரையில கண்டிப்பா சொல்லியாகணும், ஏன்னா பாதி ஊரு வளைகுடாவுலயும் மலேசியா சிங்கப்பூர்லயும் இருக்கு. இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்குறவங்க அங்க சம்பாதிச்ச சொந்தக் காச பேங்க் வழியா அனுப்புனா பிரச்சனை இல்ல. ஆனா மலேசியக் குடியுரிமையோ சிங்கப்பூர் குடியுரிமையோ வாங்கிட்டவங்க குடுக்குறது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வரும், அவுங்க நம்ம சொந்த மாமாவா இருந்தாலும் சரி, அதுக்கு மத்திய அரசுகிட்ட தனிப் பதிவோ முன் அனுமதியோ இல்லாம சங்கம் வாங்கக் கூடாது. உண்டியல், அதாவது பேங்குக்கு வெளிய கள்ளத்தனமா கைமாத்துற வழியில வாங்குற பேச்சே வேணாம். எங்களுக்கு மலேசியாவுல இருந்து ஒருத்தரு பெரிய தொகை தர்றேன்னாரு, ஆடிட்டரக் கேட்டுட்டு வேணாம்னு சொன்னோம், சங்கடமாத்தான் இருந்துச்சு. கிளப்ப காப்பாத்தப் போயி கிளப்பு மேல கேஸ் வாங்கிக்கிட்டா யாருக்கு என்ன லாபம்.

இப்பத்தான் காசு.

காசு கேக்குறதுக்கு முன்னாடி வாக்கு கேளுங்க. போர்ட்ஸ்மவுத் டிரஸ்ட் செஞ்சது அதான். ஒரு பங்கு 1,000 பவுண்டு, மொதல்ல வாக்கு குடுங்க, கிளப்ப வாங்குற அளவுக்கு சேந்தா மட்டும் மிச்சத்தக் கட்டுங்கன்னாங்க. 2,000 பேருக்கு மேல சேந்தாங்க, வசதியுள்ள ரசிகர்கள் சிலரும் கைகோத்தாக, 2013 ஏப்ரல்ல கிளப்பு ரசிகர்கள் கைக்கு வந்துச்சு. கவனிங்க, அதுக்குள்ள டீமு நாலாவது டிவிஷனுக்கு எறங்கியாச்சு, அஞ்சு வருசத்துக்கு முன்னாடி கப் தூக்குன டீமு. அடுத்த வருசம் 2014ல பழைய கடன் மொத்தத்தையும் அடைச்சுட்டோம்னு அறிவிச்சாங்க. அந்த சேதி வந்தப்ப நான் லீவுல ஊருல இருந்தேன், எங்க கிரவுண்டுக்குப் போயி சும்மா உக்காந்துட்டு வந்தேன், பக்கத்துல சொல்லி சந்தோசப்பட ஒரு ஆளு இல்ல.

ஒரே நாள்ல பெருசா வசூல் பண்றத விட மாசாமாசம் சின்னதா வர்றதுதான் கிளப்ப நிக்க வைக்கும். ஸ்காட்லாந்துல ஹார்ட்ஸ் கிளப்பு 2013 ஜூன்ல அட்மினிஸ்ட்ரேஷன் போச்சு, 15 பாயிண்ட் வெட்டு, கீழ எறங்குச்சு. ரசிகர்கள் ஏறக்குறைய 8,000 பேரு மாசாமாசம் பேங்க்ல இருந்து தானா கழியிற மாதிரி எழுதிக் குடுத்தாங்க. உடனே கிளப்பு அவுங்க கைக்கு வரல. ஒரு அம்மா, ஆன் பட்ஜ், முன்னால நின்னு காசு போட்டு வாங்குனாங்க, ரசிகர்கள் வருசக்கணக்கா கட்டிக்கிட்டே வந்து 2021 ஆகஸ்டுல பெரும்பான்மைப் பங்க வாங்குனாங்க. எட்டு வருசம் விடாம கட்டுறதுன்னா சும்மாவா.

எங்க அளவுல, மாசம் 100 ரூவான்னு 110 பேரு பேரு குடுத்தாங்க, வெளிநாட்டுல இருக்குற 14 பேரு மாசம் 1,000. மூணாவது மாசத்துலயே 110 பேரு 80 பேரா கொறஞ்சாங்க, அது நடக்கும், மனசு விட்டுடாதீங்க, விட்டுப்போனவங்கள ஏசாதீங்க, ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி போயி கேளுங்க. இதுல ஒரு முக்கியமான விசயம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு மீன்பிடித் தடைக்காலம். அந்த ரெண்டு மாசம் கடலுக்குப் போற வீட்டு வாசல்ல போயி நிக்காதீங்க. அந்த மாசத்த வெளிநாட்டு ஆளுக காசுல ஓட்டிக்கங்க. தடை முடிஞ்சு படகு கடலுக்குப் போயி மொத மீன்பாடு வந்ததும் அவுங்களே கூப்டுக் குடுப்பாங்க. எங்க லெஃப்ட் விங்குல ஆடுற பையனோட அம்மா கடல்பாசி எடுக்கப் போறவுக. நாங்க அவுங்க வீட்டுப் பக்கமே போகல. ஒரு நாள் சாயங்காலம் கிரவுண்டுக்கு அவுங்களே வந்தாக, சேலை முந்தானை இன்னும் ஈரம், விரல்ல பாறை கீறாம இருக்க சுத்துற துணி கூட அவுக்கல, அந்த விரலாலயே முந்தானை முடிச்ச அவுத்து நாலா மடிச்ச 500 ரூவாவ எடுத்து நீட்டி, "ரசீது போடுங்கப்பா, எம்மவன் பேருல போடாத, எம்பேருல போடு"ன்னாக. அந்த ரசீது நம்பர் 41. அவுங்களும் சங்கத்துல ஓட்டு உள்ள மெம்பர். பொம்பளைகள்ட்ட கேக்காம விட்டது எங்களோட பெரிய தப்புன்னு அன்னைக்குத்தான் ஒறச்சுது, அடுத்த வாரம் வீடு வீடா போயி அவுங்களையும் சேத்தோம்.

காசு இல்லாதவங்க ஒடம்பால செய்யட்டும். பெர்லின்ல யூனியன்னு ஒரு கிளப்பு, 2004ல லைசென்ஸுக்குக் காசு இல்லாம தவிச்சப்ப ரசிகர்கள் ரத்தம் குடுத்து அதுக்குக் கெடைச்ச பணத்த கிளப்புக்குக் குடுத்தாங்க. 2008-09ல அவுங்க ஸ்டேடியத்த அவுங்களே கட்டுனாங்க, 2,000 பேருக்கு மேல, ஏறக்குறைய 1,40,000 மணி நேர வேல. நம்ம ஊருல ரத்தத்துக்குக் காசு வாங்குறது சட்டப்படி கூடாது, அதை விடுங்க, ஆனா கை வேல இருக்குல்ல. எங்க கோல் போஸ்ட் உப்புக்காத்துல அரிச்சுப் போயி கையில தொட்டா செதிலு செதிலா உதுந்துச்சு. போட்டுக்கு வெல்டிங் வைக்கிற அண்ணன் ஒருத்தரு ரெண்டு ஞாயித்துக்கெழம வந்து பழைய பைப்ப ஒட்டி நிமித்தி, போட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்டயே அடிச்சுக் குடுத்தாரு. வலைக்கு வலைதான், அதுக்கா நம்ம ஊருல பஞ்சம், கிழிஞ்ச நண்டு வலைய பொத்துக் கட்டுனாக. உடைமரத்த வெட்டி ஓரம் கட்டுனது பிள்ளைக. இதுக்கெல்லாம் வெளிய குடுத்திருந்தா முப்பதாயிரம் ஆயிருக்கும்.

கூட்டமா வந்து மேட்ச் பாக்குறதையும் வேலையா நெனச்சுச் செய்யுங்க. இங்கிலாந்துல எக்ஸிட்டர் சிட்டி கிளப்பு 2003ல கீழ் லீக்குக்கு விழுந்து, டிரஸ்ட் கையில எடுத்து, கடன அடைக்க முழி பிதுங்கிக்கிட்டு இருந்தப்ப எஃப்.ஏ. கப்ல மான்செஸ்டர் யுனைட்டட் கூட மேட்ச் விழுந்துச்சு. 2005 ஜனவரி 8, ஓல்டு டிராஃபோர்டுல 0-0. டிரா ஆனதால ரீப்ளே, அதாவது மறு ஆட்டம் வேற. அந்த ரெண்டு மேட்ச் வசூல்தான் அவுங்க கடன ஒடச்சது. அதிர்ஷ்டம்னு சொல்லலாம், ஆனா அந்த அதிர்ஷ்டம் வர்ற வரைக்கும் கதவத் தொறந்து வச்சிருந்தது ரசிகர்கள்தான். அதுக்கப்புறமும் பல வருசம் கிளப்பு அவுங்க கையிலதான் இருந்துச்சு.

எல்லாம் செஞ்சும் போயிடலாம், அதையும் மறைக்காம சொல்லணும். இங்கிலாந்துல பரின்னு ஒரு கிளப்பு, 1885ல ஆரம்பிச்சது, 1900லயும் 1903லயும் எஃப்.ஏ. கப் ஜெயிச்சது. 2019 ஆகஸ்டுல ஓனர் மாத்துறதுக்கு ஆள் வந்துருச்சு, கிளப்பு பொழைச்சுரும்னு நம்பி நூத்துக்கணக்கான ரசிகர்கள் தொடப்பம், வாளி எடுத்துக்கிட்டு ஸ்டேடியத்துக்குப் போயி சீட்டெல்லாம் தொடச்சாங்க. ஆகஸ்ட் 27 ராத்திரி லீக் அவுங்கள வெளிய தள்ளிருச்சு. தொடச்ச சீட்டு தொடச்சபடி கெடந்துச்சு. ஆனா அந்த ஆளுங்க விடல, புதுசா ஒரு டீம் தொடங்கி கீழ்மட்ட லீக்ல ஆடுனாங்க, 2022ல பழைய கிரவுண்டையும் மீட்டுட்டாங்க. அதனால கிளப்பு மூடுற நெலம வந்தா மூணு விசயத்த பத்திரப்படுத்துங்க. கிரவுண்டு, பேரு, பசங்களோட ரெக்கார்டு. கிரவுண்டு யாரு பேருல இருக்கு, புறம்போக்கா, ஜமாஅத் எடமா, சர்ச் எடமா, தனியாரா, தாலுகா ஆபீஸ்ல போயி அடங்கல் பட்டா எல்லாம் இப்பவே பாருங்க. கடற்கரைப் பக்கம் எடத்துக்கு இப்ப என்ன வெலன்னு உங்களுக்கே தெரியும். கடன்ல கெடக்குற கிளப்ப வாங்க வர்றவங்க நெறைய பேருக்குக் கண்ணு கிரவுண்டு மேலதான்.

காப்பாத்த வர்ற பெரிய மனுசர எப்படிப் பாக்குறது? விரட்டவும் வேணாம், மாலை போட்டுத் தோள்ல தூக்கவும் வேணாம். கேள்வி கேளுங்க. காசு அவரோடதா, கடனா வாங்கி கிளப்பு தலையில கட்டப் போறாரா? கிரவுண்டு தனியா பிரியாதுன்னு எழுதிக் குடுப்பாரா? மூணு வருசத்துக்கு என்ன திட்டம்? வெலகணும்னா யாருகிட்ட ஒப்படைப்பாரு? போர்ட்ஸ்மவுத்தையே 2017ல டிஸ்னியில தலைமையில இருந்த மைக்கேல் ஐஸ்னர் கேட்டு வந்தாரு. டிரஸ்ட் ஆளுங்க கூட்டம் போட்டு, அவரையே நேர்ல வரவச்சுக் கேள்வி கேட்டு, ஓட்டு எடுத்துத்தான் 5.67 மில்லியன் பவுண்டுக்குக் குடுத்தாங்க. எனக்கு அப்ப மனசு ஒப்பல, கஷ்டப்பட்டு மீட்டத ஏன் குடுக்குறாங்கன்னு ரெண்டு நாளு தூக்கமில்ல. 2024ல டீமு ரெண்டாவது டிவிஷனுக்கு ஏறுச்சு. அதுக்காக வித்தது சரின்னு நான் சொல்ல வரல, ஓட்டு எடுத்தாங்க பாருங்க, அதான் சரி.

கணக்கு விசயம். மாசக் கடைசி வெள்ளிக்கெழம வரவு செலவ ஒரு தாள்ல எழுதி டீக்கடைச் செவுத்துல ஒட்டுங்க, படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சுச் சொல்லுங்க. வருசத்துக்கு ஒரு பொதுக்குழு கட்டாயம். பதவியில ஒரே ஆளு ரெண்டு தடவைக்கு மேல வேணாம்.

எங்களுக்கு 13 மாசம் ஆச்சு. கடைசியா அடைச்சது ஜெனரேட்டர் அண்ணனோட பாக்கி, அவருதான் கடைசி வரைக்கும் காத்திருக்கேன்னு தானா சொன்னவரு. காசக் குடுத்ததும் கிளம்பிடாதீங்க, "இன்ன கணக்குல பாக்கி ஒண்ணும் இல்ல"ன்னு தேதி போட்டு கையெழுத்து வாங்குங்க, ஒவ்வொருத்தர்ட்டயும். அந்தத் தாளுகளையும், பதிவுச் சான்றிதழையும், அந்தக் காலண்டர் தாளையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு தகரப் பெட்டியில வைங்க, உப்புக்காத்துக்கு வெறும் காகிதம் ரெண்டு வருசம் தாங்காது. எங்க பெட்டி சம்மாட்டி வீட்டுப் பரண்ல இருக்கு, சாவி ஒண்ணு செயலாளர்ட்ட, இன்னொண்ணு பாசி எடுக்குற அந்த அக்காகிட்ட.